கடைசி நான்கு தடங்கள்

வெறும் தண்ணீர் ஊற்றிய தடங்களில் எதுவும் தெரியக் கூடாது. எதுவும் இல்லை என்று காட்டுவதற்காகவே ஓட விடுகிற தடங்கள் அவை. ஆனால் அன்று மத்தியானம் மூன்று மணிக்கு ஜயலக்ஷ்மி ஈரம் சொட்டும் எக்ஸ்ரே பிலிமை இருட்டறையிலிருந்து கொண்டுவந்து வெளிச்சப் பெட்டியின் மேல் விரித்தபோது, வலது ஓரத்துக் கடைசி நான்கு தடங்களிலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகள் இருந்தன. நீராவி படிந்த கண்ணாடியில் யாரோ நகத்தால் கீறிய மாதிரி. பிலிமைத் திருப்பிப் பார்த்தாள். தூசி இல்லை, கீறல் இல்லை. கோடுகள் பிலிமுக்குள்ளேயே இருந்தன.

தொண்ணூற்றேழாம் வருடத்து அக்டோபர் அது. கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே, தாமிரவருணி வளைந்து திரும்பும் இடத்தில், கைவிடப்பட்ட நெல் ஆலை ஒன்றில் அந்த மீன் ஆராய்ச்சி நிலையம் நடந்துகொண்டிருந்தது. மழை பெய்தால் சுவர்களிலிருந்து இன்னும் அவித்த நெல்லின் வாடை கிளம்பும். அதோடு இருட்டறையின் காடி நெடியும், பின்கட்டுத் தொட்டிகளின் வழுவழுத்த மீன் கவிச்சியும் சேர்ந்துகொள்ளும். ஜன்னலே இல்லாத அந்த இருட்டறைக்குள்கூட ஆற்றின் இரைச்சல் கேட்கும். காதுக்கு அல்ல, உள்ளங்காலுக்கு.

அங்கே அவர்கள் படித்துக்கொண்டிருந்தது விலாங்கை. மலைக்கும் கடலுக்கும் நடுவே இந்த ஆற்றில் முழு வழியும் போய்வருகிற மீன் அது ஒன்றுதான். புன்னக்காயல் முகத்துவாரத்தில் நூல் துண்டு மாதிரி, கண் மட்டும் கறுப்பாய் உள்ளே நுழைகிறது. அணை அணையாக, ஈரப் பாறையில் ஊர்ந்து மேலே ஏறுகிறது. ஏதாவது ஒரு மடுவின் சேற்றில் பத்து வருடம், இருபது வருடம் கிடக்கிறது. பிறகு ஒரு மழைக்காலத்தில் கண் பெரிதாகி, உடம்பு வெள்ளி பூத்து, இரையை நிறுத்திவிட்டு, வெள்ளத்தோடு கடலுக்குத் திரும்புகிறது. கடலில் எங்கே போய் முட்டையிட்டுச் சாகிறது என்று யாரும் பார்த்ததில்லை. விலாங்கு வருவது நின்றால் ஆறு செத்துப்போனது என்று அர்த்தம் என்பார் பேராசிரியர் சத்தியநேசன். அதன் உயிரணுவுக்குள் தாய்வழியாக மட்டும் இறங்கி வருகிற ஒரு சின்ன மரபணுத்தொகுதி இருக்கிறது. பதினாறாயிரத்துச் சொச்சம் எழுத்து. அதை முதலிலிருந்து கடைசி வரை படித்து எழுதிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஐந்து வருட வேலை, ஜயலக்ஷ்மியுடையதும்.

ஏ, ஜி, சி, டி என்று நான்கே எழுத்துகள். ஒவ்வொரு மீனுக்கும் நான்கு தடங்கள். கதிரியக்கம் ஏற்றிய மருந்தைச் சேர்த்து, ஜெல்லில் ஓட விட்டு, காய வைத்து, எக்ஸ்ரே பிலிமோடு இரும்புத் தட்டில் பூட்டி நான்கு நாள் உறைபெட்டிக்குள் வைத்தால், பிலிமில் ஏணிப்படி போலக் கோடுகள் எழும். கீழேயிருந்து மேலே படிக்க வேண்டும். ஒரு பிலிமுக்கு இருநூறு எழுத்து தேறினால் அது நல்ல நாள். கடைசி நான்கு தடங்கள் எப்போதும் வெறும் தண்ணீருக்கு. மருந்திலோ குழாயிலோ அழுக்கு சேர்ந்திருந்தால் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

சத்தியநேசன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். பாளையங்கோட்டைக்காரர், மூன்று வருடத்தில் ஓய்வு பெறுகிறவர், எதற்கும் பதறாதவர். மீனிலிருந்துதான் ஒரு சொட்டு தெறித்திருக்கும், எல்லாத் தண்ணீரையும் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சி வடித்துத் திரும்பச் செய் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவள் திரும்பச் செய்தாள். நான்கு நாள் கழித்து எடுத்த பிலிமில் கோடுகள் சாம்பலாக இல்லை. கறுப்பாக இருந்தன.

இந்த முறை படிக்க முடிந்தது. படித்தாள். பதினைந்தாவது எழுத்திலேயே பென்சில் நின்றுவிட்டது. விலாங்கின் வரிசை ஐந்து வருடத்தில் அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்ட ஒன்று. இது அது இல்லை. கெண்டை, கெளுத்தி, அயிரை என்று நோட்டுகளைப் புரட்டினாள். எதுவும் இல்லை. கடைசியில், மனிதனின் தாய்வழி வரிசையை அச்சிட்டிருந்த பழைய சஞ்சிகையை அலமாரியின் அடித்தட்டிலிருந்து உருவி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். வரிக்கு வரி பொருந்தியது.

சிரிப்புத்தான் வந்தது. இதற்கா இத்தனை நாள் தூங்காமல் கிடந்தோம் என்று தோன்றியது. வேலை செய்கிறவரின் எச்சிலோ, ஒரு துளி வியர்வையோ விழுந்தால் போதும், உலகத்தின் எந்த ஆய்வுக்கூடத்திலும் நடப்பதுதான். சரிபார்த்துவிடலாம் என்று தன் தலைமுடி இரண்டை வேரோடு பிடுங்கி அதையும் ஓட விட்டாள். அச்சிட்ட வரிசையிலிருந்து அவளுடையது மூன்று இடங்களில் மாறியிருந்தது. தண்ணீர்த் தடத்தில் இருந்ததும் அதே மூன்று இடங்களில், அதே எழுத்துகளாக மாறியிருந்தது.

“உன் கைதாம்மா,” என்றார் சத்தியநேசன். “கொஞ்ச நாளைக்கு நீ எதையும் தொடாண்டாம். நான் செய்யுதேன். நீ வாசலுக்கு வெளிய உக்காந்து பழைய பிலிமப் படி.”

பத்து நாள் அவள் ஆய்வுக்கூடத்துக்குள் காலடி வைக்கவில்லை. சத்தியநேசனே கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, புதுக் குழாய், புது மருந்து, மருந்துக்கடையில் வாங்கிய ஊசித் தண்ணீர் என்று எல்லாவற்றையும் தானே செய்தார். பிலிமைக் கழுவி எடுத்துக்கொண்டு அவர் வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. அவள் பிலிமை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். கடைசி நான்கு தடங்கள். அதே மூன்று இடங்கள். பக்கத்தில் மீன்களின் கோடுகள் வெளிறிக் கிடக்க, தண்ணீரின் கோடுகள் மை ஊற்றினாற்போல் தடித்திருந்தன.

அந்தக் குழாயிலிருந்து கொஞ்சத்தையும், ஒப்பிட ஜயலக்ஷ்மியின் தலைமுடி இரண்டையும் ஐஸில் பொதிந்து ஐதராபாத்தில் இருந்த தம் சிநேகிதருக்கு அனுப்பினார் சத்தியநேசன். அவரிடம் இன்னும் நுட்பமான கருவிகள் இருந்தன.

பதில் வருவதற்குள் மழை தொடங்கிவிட்டது. பின்கட்டில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பெரிய சிமெண்டுத் தொட்டியில் பன்னிரண்டு விலாங்குகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்பவள் சுடலைவடிவு. ஐம்பது வயதுக்காரி, அதிகம் பேசாதவள். அவளே ஒரு நாள் ஜயலக்ஷ்மியைத் தேடி வந்து வாசலில் நின்றாள். மீன்கள் இரை எடுக்கவில்லையாம். ஒன்பது நாளாகிறதாம்.

“கண்ணு பெருசாயிட்டே போகுதும்மா,” என்றாள். “பொறவு, எல்லாம் ஒரே பக்கமாவே பாத்துக்கிட்டுக் கெடக்கு. நேத்து கிழக்க பாத்துச்சு. இன்னைக்கு இங்கன பாக்குது.”

ஜயலக்ஷ்மி போய்ப் பார்த்தாள். பச்சையும் மஞ்சளுமாக இருக்க வேண்டிய உடம்புகள் ஈயம் பூசின மாதிரி வெளுத்திருந்தன. கடலுக்குப் புறப்படுகிற கோலம். ஐந்து வயது விலாங்குக்கு அது இன்னும் எத்தனையோ வருடம் கழித்து வர வேண்டியது. பன்னிரண்டும் தொட்டியின் ஒரே மூலையில், தலைகள் ஒரு வரிசையாக, அசையாமல் கிடந்தன. அவள் தொட்டியைச் சுற்றி மறுபக்கம் போனாள். தண்ணீர் கலங்கவில்லை; சத்தமில்லை. ஆனால் அவள் நின்ற இடத்தில் குனிந்து பார்த்தபோது தலைகள் எல்லாம் அங்கே இருந்தன.

“நேத்து கிழக்க நின்னது நீங்கதாம்மா,” என்றாள் சுடலைவடிவு, பைய. “பம்பு செட்டு ரூமுல.”

ஐதராபாத் கடிதம் நவம்பர் முதல் வாரம் வந்தது. சத்தியநேசன் அதை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார். நான்கே வரி. தண்ணீரில் இருப்பது மனிதனுடையதுதான், ஜயலக்ஷ்மியின் தாய்வழிதான், ஆனால் அவளுடையது அல்ல. அது ஓர் ஆண். சகோதரனாகவோ தாய்மாமனாகவோ இருக்க வேண்டும். அவர் ஆய்வுக்கூடத்துக்குள் வந்துபோவதை உடனே நிறுத்தவும் என்று முடித்திருந்தார் நண்பர்.

“உனக்குத் தம்பி உண்டும்லா?” என்று கேட்டார் சத்தியநேசன்.

“பம்பாய்ல இருக்கான் சார்.”

“எப்ப வந்தான் இங்க?”

அவள் கடிதத்தை மடித்தாள். மடித்த கடிதத்தை இன்னொரு முறை மடித்தாள். வரவே இல்லை என்று சொன்னாள்.

தம்பி அனந்தநாராயணன் பம்பாயில் இல்லை. அது உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும்.

தொண்ணூற்றிரண்டு நவம்பரில், பெருவெள்ளம் வந்ததற்கு முந்தின சாயங்காலம், அவளுக்குக் காய்ச்சல். மழை தொடங்கினால் விலாங்குக் குட்டிகள் கூட்டமாக மேலேறும் என்று ஆற்றுப் படித்துறைக்குக் கீழே மரத்து வேரில் ஒரு வலை கட்டி வைத்திருந்தாள். அது அவளுடைய ஆராய்ச்சியின் முதல் வருடம், முதல் வலை. தண்ணீர் ஏறினால் வலை போய்விடும். தம்பி அனந்து காலையில்தான் அம்மாவோடு சண்டை போட்டிருந்தான், பம்பாய் வேலைக்குப் போயே தீருவேன் என்று. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தவனிடம் இவள்தான் போய்க் கெஞ்சினாள். ஜாடிகளை அவனுடைய பையிலேயே போட்டுக் கையில் கொடுத்து, அம்மாவுக்குத் தெரியாமல் கொல்லைக் கதவைத் திறந்து விட்டாள். ஓடிப்போய் அவிழ்த்துக்கொண்டு வந்துவிடு, ஐந்து நிமிஷம் என்றாள். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கினான். திரும்பவில்லை. மறுநாள் ஆறு ஊருக்குள் வந்தது. எத்தனையோ பேரை அடித்துக்கொண்டு போனது. கிடைத்த உடல்கள் பாதி, கிடைக்காதவை பாதி.

அம்மாவோ பையைக் காணவில்லை என்பதை மட்டும்தான் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டான், வெள்ளத்துக்கு முன்னாலேயே போய்விட்டான், பிழைத்தான் என்று ஸ்வாமி விளக்கின் முன்னால் விழுந்து கும்பிட்டாள். அந்த முகத்தைப் பார்த்து அன்று ஜயலக்ஷ்மியால் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். ஐந்து வருடமாக நாளைக்கு, நாளைக்கு. பம்பாய் தாதரில் யாரோ பார்த்ததாக ஒரு சேதி வரும். மாதுங்காவிலிருக்கும் மாமா தேடிப் போவார். பத்திரிகையில் படம் போட்டார்கள். அம்மா தினம் தபால்காரரை வாசலிலேயே நிறுத்திக் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் ஜயலக்ஷ்மி பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள்.

அந்த வலை கிடைத்தது. வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், இரண்டு மைல் கீழே ஒரு கருவேலமரத்தில் சுருண்டு தொங்கியதை யாரோ எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். அதன் மடிப்புக்குள், ஈரச் சேற்றில், நூல் நூலாகக் குட்டிகள் உயிரோடு நெளிந்தன. சத்தியநேசனுக்குப் பிடிபடாத சந்தோஷம். ஆறு தானே கட்டி அனுப்பிய பார்சல் என்றார். வலையின் கயிறு அறுந்திருக்கவில்லை, முடிச்சு கையால் அவிழ்க்கப்பட்டிருந்தது என்பதை ஜயலக்ஷ்மி மட்டும்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, கயிற்றை வெட்டி எறிந்தாள். பிழைத்த பன்னிரண்டு குட்டிகள்தான் இப்போது பின்கட்டுத் தொட்டியில் கிடப்பவை. அந்த மூன்று நாளில் அவை எதைத் தின்று பிழைத்தன என்ற கேள்வியை அவள் ஐந்து வருடமாக நினைக்காமல் இருந்தாள். இப்போது நினைத்தாள்.

கடிதம் வந்த மறுநாள் இன்னொரு பிலிம் உறைபெட்டியில் முதிர்ந்திருந்தது. வேண்டாம் என்றுதான் இருந்தாள். ஆனாலும் மத்தியானம் இருட்டறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். சிவப்பு விளக்கின் கீழே பிலிமைக் கரைசல் தட்டில் அமிழ்த்தி, ஐந்து நிமிஷத்துக்கு எண்ண ஆரம்பித்தாள். அறுபதை எட்டும்போது கரண்டு போனது.

இருட்டு. கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்று தெரியாத இருட்டு. காடி நெடி. கூரையில் மழை. பரவாயில்லை, வெளிச்சம் இல்லாவிட்டால் பிலிமுக்கு நல்லதுதான் என்று எண்ணிக்கையை விடாமல் தொடர்ந்தாள். எழுபது. எண்பது. தட்டை லேசாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டினாள். தட்டில் கரைசல் மெல்லச் சளப்பியது. நூற்றிருபதில் கை வலித்தது, நிறுத்தினாள்.

சளப்பும் சத்தம் நிற்கவில்லை.

அவள் கையை எடுத்துவிட்டாள். தட்டு மேடை மேல் இருந்தது. யாரும் தொடவில்லை. சளப். சளப். படித்துறையின் கடைசிப் படியில் ஆறு வந்து மோதுகிற மாதிரி, அவசரமில்லாமல். எண்ணிக்கை தவறிவிட்டது. பிலிமை எடுத்துவிட்டு வெளியே ஓடிவிட வேண்டும் என்று விரல்களை உள்ளே விட்டுத் துழாவினாள். வழவழப்பான பிலிம் தட்டுப்பட்டது. அதன் ஓரம். அதற்கு அப்பால் இன்னொன்று. பிலிம் இல்லை. குளிர்ந்து, ஊறிப் பொதபொதத்து, அவள் விரல்களின் நடுவே தன்னைக் கோத்துக்கொண்டு, பிடிக்காமல், விடாமல்.

தாழ்ப்பாளை எப்படித் திறந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. பகல் வெளிச்சம் முழுதும் உள்ளே பாய்ந்து, தட்டில் கிடந்த பிலிம் மொத்தமும் கறுத்துப்போனது. தட்டில் வேறெதுவும் இல்லை. அவள் விரலிடுக்குகளில் மட்டும் மீன் உடம்பின் கோழை நூல் நூலாக இழுபட்டது.

அன்று வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று போனாள். அம்மா அடுப்படியில் நின்றபடி, பம்பாய் மாமா போன் பண்ணினாரா என்று கேட்டாள். இல்லை என்றாள். இந்த வருஷம் மழை ஜாஸ்தி, அங்கே அவன் குடை வைத்திருக்கிறானோ என்னமோ என்றாள் அம்மா. ஜயலக்ஷ்மி சாப்பிட்டுவிட்டுக் கையை மூன்று தடவை அலம்பினாள்.

சொல்லவில்லை. வேறொன்று செய்தாள்.

விலாங்குகள் கடலுக்குப் போகத் துடிக்கின்றன, ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது, தொட்டியிலிருந்து கரை நாற்பதடி, நடுவே ஈரப் புல். ஈரம் இருந்தால் விலாங்கு தரையிலேயே போகும். போகட்டும். போய், யாரும் பார்க்காத இடத்தில் செத்து முடியட்டும். எதுவானாலும் அதோடு முடியட்டும். மறுநாள் சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு அவள் மட்டும் தங்கி, தொட்டியின் மேலிருந்த இரும்புக் கம்பி வலையின் நான்கு கொக்கிகளையும் கழற்றி, வலையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கீழே பன்னிரண்டு தலைகள் அவளையே பார்த்தன. வாய்கள் திறந்து மூடின. இத்தனை நாள் அவை அப்படிச் செய்ததில்லை.

சத்தியநேசனின் ஐந்து வருடமும் அந்தத் தொட்டியில்தான் இருந்தது. அதை நினைத்தாள். நினைத்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

காலையில் நல்ல மழை. ஏழு மணிக்கே போய்விட்டாள். சுடலைவடிவு சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு தொட்டியடியில் நின்றுகொண்டிருந்தாள். தொட்டி காலி.

“மூடியத் தெறந்து வச்சது யாரும்மா?”

ஜயலக்ஷ்மி ஆற்றுப் பக்கம் பார்த்தாள். கரை நெடுக, செம்மண் நிறத்தில் தண்ணீர் புரண்டு போனது. போயிருக்கும் என்றாள், தனக்குத்தானே.

“அங்கன போகலம்மா,” என்றாள் சுடலைவடிவு. “நான் பாத்துட்டேன். ஆத்துப் பக்கம் ஒரு தடமும் இல்ல. இந்தா, வாய்க்கா ரோட்டுல ஏறியிருக்கு. ஊருக்குள்ள போகுத தடம்.”

வாசல் படியில், சிமெண்டின் மேல், மழை கழுவியும் போகாமல், நத்தை போன வழி போல ஒரு பளபளப்பு. ஒன்றல்ல, பல, பக்கம் பக்கமாக, பின்னிக்கொள்ளாமல், நேராக.

அவள் நடந்தாள். பிறகு வேகமாக நடந்தாள். வாய்க்கால் கரையோரமாக ஒரு மைல். குடையை எடுக்கவில்லை. சாலையில் ஆள் இல்லை. பளபளப்பு மதகைத் தாண்டியது. பள்ளிக்கூடத்தைத் தாண்டியது. ஒரு வீட்டிலும் திரும்பவில்லை. நாய் ஒன்று சாலையின் நடுவே நின்று குரைக்க வாயெடுத்து, குரைக்காமல் விலகிப்போனது. தெருமுனை. எங்கள் தெரு இல்லை, எங்கள் தெரு இல்லை என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள். பளபளப்பும் திரும்பியிருந்தது.

வாசல் கதவு திறந்திருந்தது. நடையில் ஈரம். கூடத்தில் ஈரம்.

“அம்மா.”

உள்ளே பேச்சுக்குரல். அம்மாவின் குரல். தாழ்ந்து, நிதானமாக, நடுநடுவே நிறுத்தி, கேட்டுக்கொண்டு. அப்படியா. ம். அப்புறம். சிரித்தாள். அம்மா சிரித்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.

கூடத்துக்குப் பின்னால், இரண்டாம் கட்டில், அம்மா காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் வீட்டிலிருந்த பாத்திரமெல்லாம். அண்டா, தவலை, குடங்கள், கல்யாணத்துக்கு மட்டும் இறக்குகிற வெண்கலப் பானை. எல்லாவற்றிலும் தளும்பத் தளும்பத் தண்ணீர். ஒவ்வொன்றின் விளிம்புக்கு மேலும் வெள்ளி நிறத்தில் ஒரு தலை நிமிர்ந்து நின்றது. எல்லாக் கண்களும் வாசற்படியை, அவளை, பார்த்தன. அம்மாவின் மடியில் பழைய துண்டு. துண்டில் பன்னிரண்டாவது. அம்மா அதன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அழுத்தி, பிறகு மெதுவாக, காதுக்குப் பின்னால் துடைக்கிற மாதிரி.

“வந்துட்டியா ஜயா. காலை அலம்பிண்டு வா,” என்றாள் அம்மா, நிமிராமல். “சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்திருக்கான் பாரு.”

ஜயலக்ஷ்மி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள்.

“பம்பாய்க்கே போகலையாம். எங்கயும் போகலையாம் இவன்.” துண்டின் காய்ந்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டாள். “நீதான் அனுப்பினயாமே.”

மழைச் சத்தம். குடங்களில் தண்ணீர் தளும்பும் சத்தம். பன்னிரண்டு வாய்கள் ஒன்றாகத் திறந்தன. ஒன்றாக மூடின. ஐந்து அசைவு, பிறகு ஒரு நிறுத்தம். ஐந்து அசைவு. ஐந்து நிமிஷம். ஐந்து நிமிஷம்.

“அம்மா, நான்...”

“இருக்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்.” அம்மா இப்போதுதான் நிமிர்ந்தாள். முகத்தில் கோபம் இல்லை. துளிக்கூட இல்லை. “கொல்லைக் கதவைத் தொற. மீதிப்பேரெல்லாம் வெளியில நிக்கறா. எத்தனை நாழி மழைல நிப்பா, பாவம்.”

கொல்லைக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. அவள் போகவில்லை. கால்கள் போயின. கதவுக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

துவைக்கிற கல் தெரிந்தது. அதற்கு அப்பால் படிகள். அதற்கு அப்பால் வாய்க்கால், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, மேலே மதகுவரை, கீழே தென்னந்தோப்புவரை. தலைகள். வெள்ளி நிறத்தில், செங்குத்தாக, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பவர்களைப் போல, வரிசைக்குப் பின் வரிசையாக, வீட்டைப் பார்த்தபடி. மழை கொட்டிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் ஒரு சத்தம் இல்லை. ஒரு வட்டம்கூட எழவில்லை. மழை விழுவதற்கு அங்கே தண்ணீர் தெரியவில்லை.